‘சாரி’ சொல்லக்கூடாது

போன வருடம் ஆகஸ்டில் மூன்று வாரம் அப்பா எங்கள் தாமானுக்குள் சுற்று வழியில் வேன் ஓட்டினார். எங்கள் வீட்டிலிருந்து பெரிய ரோட்டுக்கு நேர்வழி டீச்சர் வீட்டைத் தாண்டித்தான் போகும். அந்த வழியில் போகாதே என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. நான் சொன்னது வேறு. “இன்சூரன்ஸ்காரங்க முடிச்சிக் குடுக்குற வரைக்கும் டீச்சர் வீட்டுக்குப் போகாதீங்கப்பா. போன் வந்தா நான் பேசிக்கிறேன்.” உள்ளே நுழையக்கூடாத வீட்டின் கேட்டைத் தினம் இரண்டு முறை கடந்து போக அவரால் முடியவில்லை. எண்ணெய்க் காசை ஒவ்வொரு ரிங்கிட்டாகக் கணக்குப் பார்க்கும் அம்மாகூட அந்தச் சுற்று வழியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

அப்பாவுக்கு ஏர்கோன் சர்வீஸ் தொழில். கிள்ளானில் இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. ஒரு வேன், இரண்டு ஏணி, ஒரு வாட்டர் ஜெட் பம்பு, அப்பா, தம்பி. கணக்கு அம்மாவுடையது, வாட்சாப்பில் பில் அனுப்பக் கற்றுக்கொண்ட பிறகும் 555 நோட்டை அவர் விடவில்லை. நான் உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் மெக்கானிக்கல் படித்துவிட்டு ஷா ஆலாமில் ஒரு தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். வீட்டுக்கு ஆங்கிலத்தில் கடிதம் வந்தாலும் மலாயில் பாரம் வந்தாலும் என் மேசைக்கு வந்து சேரும். அப்படித்தான் காப்புறுதியும் வந்தது. ஒரு கொண்டோவில் நாற்பது வீடுகளுக்கு சர்வீஸ் செய்யும் வேலை கிடைக்க இருந்தது. பொதுப் பொறுப்புக் காப்புறுதிப் பத்திரம் இல்லாத கான்ட்ராக்டரை லிப்டில்கூட ஏற்ற மாட்டோம் என்று நிர்வாக அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். நான் பாரத்தை நிரப்பினேன், அப்பா கையெழுத்துப் போட்டார். வருடத்துக்கு 680 ரிங்கிட். நம் வேலையால் வெளியாள் யாருக்காவது காயமோ, அவர் பொருளுக்குச் சேதமோ ஏற்பட்டால், சட்டப்படி நாம் கொடுக்க வேண்டியதை நிறுவனம் கொடுக்கும். சேதத்தில் முதல் 1,000 ரிங்கிட் மட்டும் நம்முடையது.

ஜூலை தொடக்கத்தில் தம்பி டீச்சர் வீட்டு மாடி அறை ஏர்கோனைக் கழற்றி கெமிக்கல் வாஷ் செய்தான். ஏர்கோன் ஓடும்போது காற்றின் ஈரம் உள்ளே இருக்கும் சுருளில் தண்ணீராகப் படியும். அது ஒரு தட்டில் சொட்டி, குழாய் வழியாக வெளியே போகும். நம் ஊர்க் காற்றுக்கு ஓர் இரவில் அரை வாளி சேர்வது சாதாரணம். திரும்ப மாட்டும்போது அந்தக் குழாயின் இணைப்பைத் தம்பி முழுதாக உள்ளே தள்ளி டேப் சுற்றவில்லை. ஒரு குவளை தண்ணீர் ஊற்றிப் பார்த்தான், வெளியே வந்தது, கிளம்பிவிட்டான். தண்ணீரில் ஒரு பங்கு வெளியே போனது, ஒரு பங்கு கீழ்த்தளப் பின்னறையின் சியலிங் மேல் சொட்டியது. அந்த அறை பூட்டியே இருக்கும். டீச்சரின் கணவர் கோயில் பஜனைகளில் ஆர்மோனியம் வாசித்தவர். அவர் இறந்து ஐந்து வருடமாகிறது. அந்த அறையில் இருந்தது அவருடைய ஆர்மோனியப் பெட்டி. மூன்று வாரம் கழித்து ஏதோ விழுந்த சத்தம் கேட்டு டீச்சர் கதவைத் திறந்தபோது, ஊறிப்போன பிளாஸ்டர் சியலிங்கில் ஒரு பகுதி இடிந்து ஆர்மோனியத்தின் மேல் கிடந்தது.

அன்றிரவு டீச்சர் அப்பாவைக் கூப்பிட்டபோது நான் பக்கத்தில் இருந்தேன். அப்பா முகம் மாறுவதைப் பார்த்து போனை வாங்கி, “காலையில கூப்பிடுறோம் டீச்சர்” என்று சொல்லி வைத்துவிட்டேன். பிறகு காப்புறுதி முகவரைக் கூப்பிட்டேன். நல்ல மனிதர், இரவு ஒன்பதரைக்கும் எடுத்தார். “முதல்ல ஒன்னும் ஒத்துக்காதீங்க. காசு தர்றேன்னு சொல்லாதீங்க. சாரி கூட சொல்ல வேணாம். போட்டோ மட்டும் எடுத்து அனுப்புங்க, மத்தத நாங்க பாத்துக்கிறோம்.” பாலிசியைத் திறந்து பார்த்தேன். நிபந்தனைகளில் இருந்தது. நிறுவனத்தின் எழுத்துபூர்வச் சம்மதம் இல்லாமல் பொறுப்பை ஒப்புக்கொள்ளக்கூடாது, எதையும் தருவதாகச் சொல்லவோ வாக்குக் கொடுக்கவோ கூடாது, காசு கொடுக்கக்கூடாது. அடுத்த வரியில், வழக்கை எதிர்க்கவும் சமரசம் பேசவும் நம் பெயரிலேயே நடத்திக்கொள்ள நிறுவனத்துக்கு உரிமை உண்டு. பெயர் அப்பாவுடையது, பேசும் வாய் வேறு ஒருவருடையது. பொதுப் பொறுப்புப் பாலிசிகளில் இது புதுமையான நிபந்தனை இல்லை. எனக்குத்தான் புதுசு, ஏனென்றால் கையெழுத்து வாங்கியபோது நான் படித்தது தொகையையும் விலக்குகளையும் மட்டும்.

அப்பாவிடம் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான். “பதினஞ்சு வருசமா அந்த வீட்டுல வேல செய்யிறேன். போகலன்னா அவங்க என்னா நெனைப்பாங்க?”

அவருடைய நியாயம் எனக்குத் தெரியாதது இல்லை. தப்புப் பண்ணினால் நம் காசு போக வேண்டும், அப்போதுதான் அடுத்த தடவை கை ஒழுங்காக வேலை செய்யும். காப்புறுதி எடுக்கச் சொன்னபோதே இதைச் சொல்லித்தான் தயங்கினார். 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பொறுப்புக் காப்புறுதி தலையெடுத்தபோது அதை எதிர்த்தவர்கள் சொன்னதும் ஏறக்குறைய இதுவே. தன் அஜாக்கிரதைக்கு விலை கொடுக்க வேண்டியவன் அதை முன்கூட்டியே இன்னொருவன் தலையில் கட்டிவிடுவது ஒழுக்கத்துக்கு விரோதம் என்றார்கள். வீடு எரிந்தால் காசு கொடுக்கும் காப்புறுதியை ஏற்றுக்கொண்டவர்களுக்கும் இதை ஏற்பது கஷ்டமாக இருந்தது. ஒன்று நம் துரதிர்ஷ்டத்துக்கு, மற்றது நம் தவறுக்கு. இரண்டும் ஒன்றா?

ஆனால் அப்பாவின் நியாயத்துக்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதும் எனக்குத் தெரியும். 2009-இல் எனக்குப் பன்னிரண்டு வயது. அப்பா ஒரு கடைவீட்டு மாடியில் வெளிப்புற கம்ப்ரசரை மாட்டிக்கொண்டிருந்தபோது இரும்புச் சட்டம் நழுவிக் கீழே நின்ற காடி மேல் விழுந்தது. முன் கண்ணாடி, பானட், பக்கத்துக் கதவு. 4,600 ரிங்கிட். அப்பா அந்த இடத்திலேயே “நான் கட்டுறேன்” என்று சொல்லிவிட்டு வந்தார். பதினாறு மாதம் கட்டினார். அக்கம்பக்கத்தில் அவருடைய நாணயத்தைப் பற்றி நல்ல பேச்சு. அந்த வருடம் எனக்கு யூபிஎஸ்ஆர். டியூஷன் நின்றது. அம்மாவின் இரண்டு வளையல் அடகுக்குப் போயின, ஒன்றுதான் திரும்பியது. அந்த வாக்கு அப்பா கொடுத்தது. தவணை கட்டியவர்களின் பட்டியலில் அம்மாவும் நானும் இருந்தோம், எங்களை யாரும் கேட்கவில்லை.

குடும்பத் தொழிலில் இது எழுதாத சட்டம். எழுதிய சட்டமும் பக்கத்தில்தான் நிற்கிறது. எஸ்எஸ்எம்மில் ‘எண்டர்பிரைஸ்’ என்று பதிந்த தனிநபர் வணிகத்துக்கும் அதன் முதலாளிக்கும் நடுவே சுவர் கிடையாது. செண்டிரியான் பெர்ஹாட் என்றால் கம்பெனி தனி ஆள், அதன் கடன் அதற்கு. எண்டர்பிரைஸ் என்றால் தொழிலின் கடன் முதலாளியின் கடன். வேனும் வீடும் அதற்குள் வந்துவிடும். வேனுக்கு 1987 சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி மூன்றாம் தரப்புக் காப்புறுதி கட்டாயம். அப்பா வேனை விட்டு இறங்கி ஏணியில் ஏறியதும் அந்தக் கட்டாயம் முடிந்துவிடுகிறது. அவரே விழுந்தால் பெர்கேசோ இருக்கிறது. அவர் கையிலிருந்து ஸ்பேனர் நழுவிக் கீழே போகிறவர் தலையில் விழுந்தால்?

இந்தக் கேள்விக்கு முன்னால்தான் அப்பாவின் நாணயம் எனக்குச் சிறிதாகத் தெரிந்தது. சொல்லக் கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் சொல்ல வேண்டும். அப்பா போன்ற ஒருவர் “என்ன ஆனாலும் நான் பொறுப்பு” என்று சொல்லும்போது, அவரால் நிஜமாகத் தாங்க முடிந்தது ஐயாயிரமோ பத்தாயிரமோதான். அதற்கு மேல் அது வங்கியில் பணமில்லாத செக். வயரிங் தவறால் ஒரு வீடு எரிந்தால், ஒரு பிள்ளைக்குப் பார்வை போனால், அந்தக் குடும்பத்துக்கு அப்பாவின் கண்ணீரும் மாதம் முந்நூறு ரிங்கிட்டும் எதற்கு ஆகும்? தெரிந்த முகத்துக்கு நாணயம் போதும். தெரியாத முகத்துக்குப் பணம் வேண்டும். நமக்கு வந்து சேர்ந்த ஆங்கிலப் பொதுச் சட்டம் இந்தத் தெரியாத முகத்தைத் தெளிவாகப் பார்த்தது 1932-இல். 1928-இல் ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரில் மே டொனாஹ்யூ என்ற பெண்ணுக்கு அவருடைய தோழி ஒரு ஜிஞ்சர் பியர் வாங்கிக் கொடுத்தார். பாட்டிலுக்குள் அழுகிய நத்தை இருந்தது என்பது டொனாஹ்யூவின் புகார். காசு கொடுத்தது தோழி, அதனால் கடைக்காரரோடு டொனாஹ்யூவுக்கு ஒப்பந்தம் இல்லை, தயாரித்தவரை அவர் பார்த்ததுகூட இல்லை. பிரபுக்கள் சபையில் மூன்று பேர் ஒரு பக்கம், இரண்டு பேர் ஒரு பக்கம் என்று பிரிந்து, தயாரித்தவருக்கு அவர்மேல் கவனக் கடமை உண்டு என்று தீர்ப்பு வந்தது. உன் செயலால் பாதிக்கப்படக்கூடியவர் என்று நீ யோசித்திருக்க வேண்டியவர் எல்லாரும் உன் அண்டை வீட்டார் என்றார் அட்கின் பிரபு. நத்தை நிஜமாகவே இருந்ததா என்பது கடைசி வரை நிரூபிக்கப்படவில்லை, வழக்கு சமரசத்தில் முடிந்தது. கொண்டோவில் நாங்கள் சர்வீஸ் செய்யும் வீட்டுக்குக் கீழ் வீட்டில் இருப்பவர் எங்களுக்கு டொனாஹ்யூ. அவருக்கு அப்பாவின் பதினைந்து வருடப் பழக்கம் எதுவும் தெரியாது.

அதனால் காப்புறுதி எடுப்பது பொறுப்பைத் தட்டிக்கழிப்பது என்று எனக்குத் தோன்றவில்லை. தன்னால் தாங்க முடியாத வாக்கைக் கொடுக்கும் தொழிலில் இருப்பவர் அதற்குப் பின்னால் காசு இருக்கும்படி செய்வது அவர் கடமை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அந்த மூன்று வாரமும் இதை வைத்தே என் மனசைச் சமாதானம் செய்துகொண்டேன்.

தமிழ்ப்பள்ளியில் படித்தவர்களுக்கு மனுநீதிச் சோழன் கதை தெரியும். இளவரசனின் தேர்க்காலில் கன்று அடிபட்டுச் சாகிறது, தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அடிக்கிறது, அரசன் தன் மகனைத் தேர்க்காலில் இட்டுக் கொல்கிறான். பள்ளியில் எங்களுக்குச் சொல்லாமல் விட்ட ஒரு பகுதி பெரியபுராணத்தில் உண்டு. அமைச்சர்கள் அரசனிடம் வேறு வழி சொல்கிறார்கள்: இதற்குச் சாத்திரத்தில் பிராயச்சித்தம் விதித்திருக்கிறது, அதைச் செய்துவிடலாம். அரசன் மறுக்கிறான். நான் அந்த அமைச்சர்களைப் பல நாள் நினைத்துக்கொண்டேன். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. முன்கூட்டியே வகுத்து வைத்த ஒரு முறை இருக்கிறது, அதன்படி கொடுக்க வேண்டியதைக் கொடுத்து முடிக்கலாம், இன்னொரு உயிர் போக வேண்டாம் என்கிறார்கள். ஏறக்குறைய எங்கள் முகவர் சொன்னதும் அதுதான். 2009-இல் எங்கள் வீட்டில் நடந்தது அரசனின் வழி, தேர்க்காலில் போனது என் டியூஷன்.

அரசனின் நீதியில் எனக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. மகனைக் கொன்றதால் பசுவுக்கு என்ன கிடைத்தது? கதையில் சிவன் வந்து கன்றை எழுப்பிவிடுகிறார், அதனால் அந்தக் கேள்வி எழாமல் போகிறது. சிவன் வராத ஊரில் அரசனுடைய நீதி அரசனைப் பற்றியதாகவே நின்றுவிடும், அவன் எவ்வளவு நேர்மையானவன் என்பதற்கு அத்தாட்சி. பசுவின் கணக்கைப் பார்ப்பது காப்புறுதிதான்.

இப்படி யோசித்து யோசித்து என் பக்கம் நியாயம் கூடிக்கொண்டே போனது. மணியை மட்டும் மறந்துவிட்டேன். பசு அடித்தது ஒரு மணியை. அதைக் கேட்டு அரசனே கீழே இறங்கி வந்தான். டீச்சர் அப்பாவின் போனுக்கு நான்கு முறை அடித்தார். எடுத்தது நான். “கிளெய்ம் நம்பர் அனுப்புறேன் டீச்சர், ஆபிஸ்லேருந்து ஆள் வருவாங்க” என்றேன். ஐந்தாவது முறை அவர் அடிக்கவில்லை.

ஆள் வந்தார். சேத மதிப்பீட்டாளர், கையில் டேப், போனில் கேமரா. அப்பாவின் சார்பில் நான் நின்றேன். சியலிங்குக்கு 1,850 ரிங்கிட் கொட்டேஷன், அதில் பிரச்சனை இல்லை. பிரித்த குழாயையும் ஏர்கோனையும் சரிசெய்யும் செலவு பாலிசியில் வராது. நாம் செய்த வேலையின் குறையை நாமேதான் திருத்த வேண்டும், அதுவும் நியாயம். ஆர்மோனியத்துக்கு வந்தபோது அவர் கேட்டார். வாங்கிய ரசீது இருக்கிறதா? எத்தனை வருடப் பழசு? ஏற்கெனவே ஏதாவது பழுது இருந்ததா? டீச்சர் ஒவ்வொன்றுக்கும் வகுப்பில் பதில் சொல்வது மாதிரி நிமிர்ந்து நின்று பதில் சொன்னார். ரசீது இல்லை. கல்யாணத்துக்கு முன்பே அவர் வைத்திருந்தது, ஐம்பது வருடமாவது இருக்கும். மேல் ஸ்தாயியில் ஒரு கட்டை கொஞ்சம் இழுக்கும். காப்புறுதியில் ஈடு என்பது சேதத்துக்கு முன் பொருள் இருந்த நிலைக்கு உரிய மதிப்பு, அதற்கு மேல் இல்லை. ஐம்பது வருடத் தேய்மானம் கழித்து 300 ரிங்கிட் என்று கணக்கு வந்தது. அந்த மனிதர் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார். நானும்கூட வேலையில் இப்படித்தான் கேட்பேன். டீச்சர் என்னைப் பார்த்து ஒன்று கேட்டார். “அப்பாவுக்கு ஒடம்பு சரியில்லையாம்மா?”

நிபந்தனைக்கும் காரணம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். காப்புறுதிப் பணம் நிறுவனத்தின் கருணைப் பணம் இல்லை, அப்பாவைப் போலப் பல பேர் 680, 700 என்று கட்டியது. “எல்லாம் என் தப்பு, பத்தாயிரம் வாங்கிக்குங்க” என்று ஒருவர் பழக்கத்துக்காகச் சொன்னால், அவர் தாராளம் காட்டுவது ஊரார் காசில். இரண்டு பேர் சேர்ந்து பேசிவைத்தும் சொல்லலாம். ஆகவே எவ்வளவு, யாருடைய தவறு என்று பேசும் உரிமையை நிறுவனம் தன் கையில் வைத்துக்கொள்வதை நான் குறை சொல்ல மாட்டேன்.

அப்பா சொல்ல விரும்பிய வாக்கியம் எது என்பதில்தான் சிக்கல். “நான் இவ்வளவு தர வேண்டியவன்” என்று சொல்ல அவர் துடிக்கவில்லை. “இது என்னால் நடந்தது” என்று சொல்லத் துடித்தார். முதலாவது கணக்கு. இரண்டாவதற்குக் கணக்கே இல்லை, ஆனால் நீதிமன்றத்தில் இரண்டாவதை வைத்து முதலாவதை நிரூபிக்கலாம் என்பதால் நிபந்தனை இரண்டையும் சேர்த்தே பூட்டுகிறது. பூட்டைத் திறக்க முடியாது என்பதில்லை. ஹாங்காங்கில் 2017-இல் மன்னிப்புக்கென்றே ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது: மன்னிப்புக் கேட்டதைத் தவறை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ளக்கூடாது, அதனால் காப்புறுதியும் பாதிக்கப்படக்கூடாது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா 2006-லேயே அப்படிச் செய்துவிட்டது. ஒரு மனிதன் மன்னிப்புக் கேட்பதற்குச் சட்டசபை கூடி அனுமதி கொடுக்க வேண்டிய நிலைக்கு வந்திருக்கிறோம் என்று சிரிக்கலாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அனுமதி இல்லாமல் மூன்று வாரம் சுற்று வழியில் போன ஒருவரை எனக்குத் தெரியும்.

பெர்னார்ட் வில்லியம்ஸ் என்ற ஆங்கிலத் தத்துவவாதி 1976-இல் ‘ஒழுக்க அதிர்ஷ்டம்’ பற்றி எழுதிய கட்டுரையில் ஒரு லோரி ஓட்டுநர் வருகிறார். அவர் தவறு எதுவும் இல்லாமல் ஒரு குழந்தை லோரியில் அடிபட்டு இறந்துவிடுகிறது. பார்த்துக்கொண்டு நின்றவர்களுக்கும் வருத்தம், ஓட்டுநருக்கும் வருத்தம், ஆனால் இரண்டும் ஒரே வருத்தம் இல்லை. நாம் போய் அவரிடம் “உன் தப்பு இல்லப்பா” என்றுதான் ஆறுதல் சொல்வோம். ஆனால் அதைக் கேட்டதும் அவர் சட்டென்று தெளிந்து கிளம்பிவிட்டால் நமக்கே அவர்மேல் ஒரு சந்தேகம் வரும். தவறே செய்யாத ஓட்டுநருக்கே இப்படியென்றால், குழாயைச் சரியாக மாட்டாதவனுக்கு? யார் காசு கொடுத்தாலும் அந்த வருத்தம் கைமாறாது. அதைப் பாரத்தில் நிரப்பி எங்கும் அனுப்ப முடியாது.

தமிழில் இந்தக் காப்புறுதியின் பெயரிலேயே ‘பொறுப்பு’ இருக்கிறது. பொறு என்றால் சுமை தாங்கு. பொறுத்துக்கொள்ளுங்கள் என்றால் மன்னியுங்கள். தவறு செய்தவன் பொறுப்பான், பட்டவர் பொறுப்பார், ஒரே சொல்தான் இரண்டு பேருக்கும். நான் டீச்சரைப் பொறுக்க விட்டேன், ஆனால் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்க ஆளே அனுப்பவில்லை.

இதெல்லாம் பின்னால் யோசித்தது. அன்றைக்கு என்னை எழுப்பிவிட்டது தம்பி சொன்ன ஒரு வார்த்தை. இரவுச் சாப்பாட்டில் அப்பா வழக்கம்போலப் பேசாமல் இருந்தார். தம்பிக்கு வயது இருபத்து மூன்று, கெட்ட பையன் இல்லை. அப்பாவைத் தேற்றத்தான் சொன்னான். “ஏம்ப்பா இவ்ளோ டென்ஷன் ஆவுறீங்க? அதான் இன்சூரன்ஸ் இருக்குல்ல.” அப்பா தட்டை நகர்த்திவைத்துவிட்டு எழுந்து கை கழுவினார். தம்பியைத் திட்டவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

என் வேலையில் ஒரு குறைபாட்டை மூன்று எண்ணால் அளப்போம்: எவ்வளவு மோசம், எத்தனை முறை நடக்கும், நடந்தால் கண்ணில் படுமா. மூன்றையும் பெருக்கி வரும் எண் பெரிதாக இருந்தால் உடனே திருத்த வேண்டும். தம்பியின் குழாய் இணைப்புக்கு நான் மனசுக்குள் அந்தக் கணக்கைப் போட்டிருந்தேன். தம்பியின் அந்த ஒரு வாக்கியத்துக்குப் போட்டிருக்கவில்லை. காப்புறுதி வந்ததால் அவன் அஜாக்கிரதையாகிவிட்டான் என்று நான் சொல்ல மாட்டேன். குழாயை அவன் விட்டது அவசரத்தில், பாலிசியை நினைத்து இல்லை. அது சேதத்துக்கு முன்னால் அவனை மாற்றவில்லை. சேதத்துக்குப் பின்னால்தான் மாற்றியது. டீச்சர் வீட்டுக்குப் போய் நிற்க வேண்டிய கால் அவனுக்கும் இருக்கிறது என்பதை அவனுக்கு யாரும் காட்டவில்லை, ஏனென்றால் அப்பாவின் காலை நான் கட்டிப் போட்டிருந்தேன். 2009-இல் நான் டியூஷனை இழந்தேன், ஆனால் அந்தப் பதினாறு மாதத்தில் அப்பாவிடமிருந்து எதையோ பார்த்துக் கற்றுக்கொண்டேன். தம்பிக்கு அப்போது ஏழு வயது, அவனுக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை.

மறுநாள் சனிக்கிழமை. மூன்று பேரையும் நான்தான் என் காடியில் ஏற்றிக்கொண்டு போனேன், ஐந்து நிமிட நடைக்கு. கிளெய்ம் இன்னும் முடியவில்லை. வழியில் அப்பாவுக்குப் பாடம் எடுத்தேன். “நடந்ததுக்கு ரொம்ப வருத்தப்படுறோம்னு சொல்லலாம். யார் தப்புன்னு சொல்ல வேணாம். காசப் பத்திப் பேச வேணாம்.” அப்பா இரண்டு முறை சொல்லிப் பார்த்தார், நடந்ததுக்கு ரொம்ப வருத்தப்படுறோம், நடந்ததுக்கு ரொம்ப வருத்தப்படுறோம். கேட்டைத் திறந்துகொண்டு டீச்சர் வந்ததும் அப்பா செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னார். “பையன் பைப்ப சரியா மாட்டல டீச்சர். நான் வந்து பாத்திருக்கணும், பாக்கல.” நான் தரையைப் பார்த்தேன். ஒரே மூச்சில் பாலிசியின் நிபந்தனை முழுவதையும் மீறிவிட்டார். தம்பி அவருக்குப் பின்னால் நின்று என்னவோ முனகினான், எனக்குக் கேட்கவில்லை. டீச்சருக்குக் கேட்டிருக்க வேண்டும், அவனை உள்ளே கூப்பிட்டு அந்த அறையைக் காட்டினார். மன்னித்துவிட்டேன் என்றெல்லாம் அவர் சொல்லவில்லை. மைலோ கலக்கிக் கொடுத்தார். அவர் கோபமாகத்தான் இருந்தார், அப்பா போகாததற்கும் சேர்த்து.

அந்தப் பேச்சைப் பற்றி நிறுவனம் எதுவும் கேட்கவில்லை. மொத்தம் 2,150, அதில் எங்கள் 1,000 போக மீதியை அவர்கள் கொடுத்தார்கள். முழுமையான இறுதித் தீர்வு என்ற கடிதத்தில் டீச்சர் கையெழுத்துப் போட்டார். தொகை மூன்று லட்சமாக இருந்து, அப்பா சொன்ன அந்த இரண்டு வாக்கியத்தால் முழுக் கிளெய்மும் தள்ளுபடியாகி, வீடு போகும் நிலை இருந்தால், அந்தச் சனிக்கிழமை நான் காடியை எடுத்திருப்பேனா? அம்மாவின் வளையலை நினைத்தால் எடுத்திருக்க மாட்டேன் என்று தோன்றுகிறது. டீச்சர் அப்பாவின் உடம்பைப் பற்றிக் கேட்டதை நினைத்தால் வேறு மாதிரித் தோன்றுகிறது.

ஆர்மோனியம் இப்போது எங்கள் வீட்டு ஹாலில் இருக்கிறது. அப்பாதான் கேட்டு வாங்கி வந்தார், தம்பிதான் தூக்கி வந்தான். துருத்தியின் துணி காய்ந்துவிட்டது, ஓட்டையை ஏர்கோன் டேப் போட்டு ஒட்டியிருக்கிறார்கள், அது சரியான முறை இல்லை என்று எனக்கே தெரியும். பலகை உப்பியதால் நடுவில் நான்கு கட்டை அழுத்தினால் மேலே வருவதில்லை. தெரிந்த ஒருவர் மூலமாகப் பழுது பார்ப்பவரைத் தேடிக்கொண்டிருக்கிறோம். தம்பி வேலை முடிந்து வந்ததும் குளிப்பதற்கு முன்பு ஒரு முறை துருத்தியை அடித்துப் பார்க்கிறான். எதையும் அழுத்தாமலே ஒரு சுரம் மட்டும் விடாமல் ஒலிக்கிறது. அது எந்தச் சுரம் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.